பாவித்த எஞ்சின்: காசு கொடுக்குமுன் கழற்றிப் பாருங்கோ

வாசகர் கேள்வி

அண்ணை, என்னிடம் 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110 இருக்கிறது. 5ஏ பெற்றோல் எஞ்சின், கை கியர். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு வருகிற ஆட்களை ஏற்றி இறக்கித்தான் சீவியம். போன மாதம் ஹபரணையிலிருந்து திரும்பி வரும்போது காட்டு ரோட்டில் கொதித்து நின்றுவிட்டது. இருட்டுகிற நேரம், யானைப் பயம். அதனால் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கந்தளாய் வரை ஓட்டி வந்துவிட்டேன். இப்போது ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிட்டது, கீழ்ப்பாகமான பிளொக்கும் சந்தேகம், திருத்துகிற காசுக்குப் பாவித்த எஞ்சின் ஒன்றைப் பூட்டலாம் என்கிறார் கராஜ்காரர். இரண்டு இடத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கொழும்பு பஞ்சிகாவத்தையில், ஜப்பானிலிருந்து வந்தது, 60,000 கிலோமீற்றர்தான் ஓடியதாம், பளபளவென்று இருக்கிறது. மற்றது கந்தளாயில் வாகனம் உடைத்து விற்கிறவரிடம். முன்பக்கம் அடிபட்ட 110 கார், எஞ்சின் இன்னும் காரிலேயே இருக்கிறது, ஒரே அழுக்கு, விலை குறைவு. எதை எடுப்பது? எடுக்குமுன் என்ன பார்க்க வேண்டும்? என் பழைய எஞ்சினை இரும்புக்குப் போட்டுவிடலாமா?

வாசகர், நிலாவெளி

பதில்

தம்பி, கொழும்புக்கு பஸ் ஏறுமுன் கந்தளாய்க்குப் போங்கோ. அந்த எஞ்சின் அழுக்காக இருந்தாலும் காரில் பூட்டியபடி இருக்கிறது. பாவித்த எஞ்சின் வாங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. ஸ்டார்ட் பண்ணிக் காதால் கேட்கலாம், புகையைப் பார்க்கலாம், ஒயில் அழுத்தத்தை அளக்கலாம். பஞ்சிகாவத்தையில் தரையில் வைத்திருக்கிற எஞ்சினில் இதில் ஒன்றும் நடக்காது.

பளபளப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வயதான அலுமினியம் தானாகப் பளபளக்காது. கழுவி, மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்திருப்பார்கள். எல்லோரும் ஏமாற்றத்தான் கழுவுகிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அழுக்கு எஞ்சினை ஒருவரும் விலை கேட்பதில்லை, அதனால் கழுவுகிறார்கள். ஆனால் ஒயில் எந்த மூட்டில் கசிந்தது, கூலண்ட் எங்கே வடிந்து காய்ந்தது என்ற அடையாளம் எல்லாம் அந்த அழுக்கோடுதான் போய்விடுகிறது. 60,000 கிலோமீற்றர் கதையையும் காதில் போட வேண்டாம். மீற்றர் இருந்தது டாஷ்போர்டில், அந்த டாஷ்போர்ட் எந்த நாட்டில் நசுங்கிக் கிடக்கிறதோ. 110 உருவத்தை ஜப்பானில் 1995 முதல் 2000 வரைதான் செய்தார்கள். அந்தக் காரிலிருந்து இறக்கிய எந்த 5ஏயைக் காட்டினாலும் அதன் ஒயில் சீல்களுக்கு இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும். ஆகவே எத்தனை கிலோமீற்றர் என்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு அது என்ன நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கோ.

கந்தளாய்க்குப் போவதை முன்கூட்டிச் சொல்லாமல் போனால் நல்லது. சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால், நான் வந்து முதல் ஸ்டார்ட் பண்ணுகிறேன், அதற்குமுன் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கோ. போனவுடன் எஞ்சினின் மேல்மூடியான டப்பெட் கவரில் கையை வையுங்கோ. சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னரே ஒருமுறை ஓடவிட்டிருக்கிறார்கள். தேய்ந்த எஞ்சினின் குறை குளிர்ந்த முதல் ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும், சூடானபின் பாதி ஒளிந்துகொள்ளும்.

முன்பக்கம் அடிபட்ட கார் என்பதால் ஒரு கேள்வியை விட்டுவிடாமல் கேளுங்கோ. அடிபட்ட இடத்திலிருந்து காரை இழுத்து வந்தார்களா, ஓட்டி வந்தார்களா? முன்பக்கம் அடித்தால் முதலில் உடைவது ரேடியேற்றர். தண்ணீர் எல்லாம் ரோட்டில் கொட்டியபின் நாலைந்து கிலோமீற்றர் ஓட்டி வந்திருந்தால், உங்கள் எஞ்சினுக்கு வந்த வியாதி அந்த எஞ்சினுக்கும் வந்திருக்கும். உடைக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். அவரிடம் காரை விற்றவருக்கோ இழுத்து வந்த வாகனக்காரருக்கோ தெரியும். ஒரு ஃபோன் போட்டு விசாரியுங்கோ.

அடுத்தது அடி எங்கே பட்டது என்பது. இந்தக் காரில் எஞ்சின் குறுக்கே கிடக்கிறது, கிராங் புள்ளி, அதாவது கிராங் தண்டின் நுனியில் பெல்ட் ஓடுகிற சக்கரம், இருப்பது வலது பக்கம். வலது மட்கார்ட் உள்ளே நசுங்கியிருந்தால் அந்தப் புள்ளியைக் கூர்ந்து பாருங்கோ. எஞ்சின் ஓடும்போது புள்ளி நேராகச் சுற்றவேண்டும். ஆடி ஆடிச் சுற்றினால் கிராங்கின் நுனி வளைந்திருக்கலாம், அந்த எஞ்சின் வேண்டாம். மவுண்ட் பூட்டுகிற காதுகளில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பாருங்கோ. அடியில் ஒயில் நிற்கிற சம்ப் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கோ. சம்ப் உள்வாங்கியிருந்தால் ஒயில் உறிஞ்சுகிற வலைக்கும் சம்ப் அடிக்கும் நடுவில் இடைவெளி போய்விடும். அப்படியே ஓடவிட்டால் பேரிங்குக்கு ஒயில் போகாது.

ரேடியேற்றர் உடைந்த காரை எப்படி ஓடவிடுவது என்று கேட்பீர்கள். உடைக்கிற இடத்தில் வேறு காரின் ரேடியேற்றர் ஒன்று கிடக்காமலா போகும்? அதைப் பக்கத்தில் வைத்து, மேலும் கீழும் ஹோஸ் இணைத்து, தண்ணீர் நிரப்பினால் பத்துப் பதினைந்து நிமிடம் தாராளமாக ஓடவிடலாம். தண்ணீர் இல்லாமல் அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிடச் சம்மதிக்காதீங்கோ.

ஸ்டார்ட் பண்ணுமுன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கோ, ஒயில் மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கோ. மூடியில் வெண்மஞ்சள் பசை இருந்தால் ஒயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது, அதை உங்களுக்கு இனி ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டார்ட் ஆனதும் ஒயில் விளக்கு இரண்டொரு செக்கனில் அணைய வேண்டும். அந்த நேரம் கீழிருந்து தடதடவென்று தட்டி, விளக்கு அணைந்தபின் அந்தச் சத்தமும் அடங்கினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அக்சிலேற்றரைக் கொடுக்கும்போது ஆழத்திலிருந்து டொக் டொக் என்று வந்தால் காரை மூடிவிட்டு வந்துவிடுங்கோ. மேலே இருந்து வருகிற மெல்லிய டிக் டிக் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். இந்த எஞ்சினில் டப்பெட்டுக்குச் சிம் தகடு வைத்து இடைவெளி சரிபண்ணுவார்கள், அது தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும், திருத்தக்கூடியது.

புகையைப் பார்க்கும்போது அவசரப்பட வேண்டாம். முதல் ஸ்டார்ட்டில் ஒரு மூச்சு நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வல்வு சீல் இறுகியிருக்கிறது. அது சின்னச் செலவு, அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். அக்சிலேற்றரைக் கொடுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் போய்விட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் மூடியைத் திறந்து பாருங்கோ. லேசாக மூச்சு விடுவது எல்லா எஞ்சினுக்கும் உள்ளது. ஆனால் புகை குபுகுபுவென்று வந்தால் எரிந்த காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. எஞ்சின் சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேற்றர் வாயில் குமிழி இடைவிடாமல் எழும்பினால் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, அல்லது ஹெட் வெடித்திருக்கிறது.

ஒயில் பிரஷர் சுவிச்சைக் கழற்றி அந்தத் துளையில் மீற்றர் ஒன்றைப் பூட்ட உங்கள் கராஜ்காரருக்குத் தெரிந்திருக்கும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. எஞ்சின் நன்றாகச் சூடானபின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒயில் அழுத்தம் 36 பிஎஸ்ஐக்குக் (அழுத்த அளவு) கீழே இறங்கக்கூடாது. ஐடிலில் நாலு ஐந்து பிஎஸ்ஐ இருந்தாலே டொயோட்டா கணக்குக்குப் போதும். ஆனால் அந்த எல்லையில் தொங்கிக்கொண்டிருக்கிற எஞ்சினை நான் என்றால் எடுக்கமாட்டேன்.

இனிக் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்குகிற அழுத்தம். கந்தளாய் எஞ்சின் ஸ்டார்ட்டரோடும் பற்றறியோடும் இருப்பதால் இது அரைமணி நேர வேலை. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றும் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்பது மாறாமல் வரிசையாகத் துணியில் வையுங்கோ. பிளக்கின் நுனி பழுப்பாக இருந்தால் நல்லது. மூன்று பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல வெள்ளையாக இருந்தால் சந்தோசப்படாதீங்கோ, அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி ஆவியாகிக் கழுவியிருக்கிறது. இக்னிஷனையும் இன்ஜெக்டர் வயரையும் கழற்றி, ஒவ்வொரு பிளக் துளையிலும் கொம்பிரஷன் மீற்றரைப் பூட்டி, அக்சிலேற்றரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு, நல்ல பற்றறியில் சுற்றவிடுங்கோ. மீற்றர் முள் முதல் அடியிலேயே பெரிதாகத் தாவி, நாலைந்து அடியில் உச்சிக்குப் போய் நிற்கவேண்டும். முதல் அடியில் சோம்பி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ரிங் பலவீனம்.

இந்த ஏ வகை எஞ்சினுக்கு டொயோட்டா சொல்கிற கணக்கு 191 பிஎஸ்ஐ, மிகக் குறைந்தது 142, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 14க்குள். இது சூடான எஞ்சினுக்கு, குளிர்ந்திருந்தால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். நான் பார்ப்பது உயரத்தைவிட ஒற்றுமையை. நாலும் 165, 170 என்று ஒன்றாக நின்றால் அது ஒழுங்காகத் தேய்ந்த எஞ்சின், இன்னும் பல வருசம் உழைக்கும். மூன்று 185இல் நிற்க ஒன்று 140 காட்டினால் அந்த ஒன்றில் ஏதோ நடந்திருக்கிறது. அந்தச் சிலிண்டருக்குள் தேக்கரண்டி அளவு ஒயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கோ. முள் நன்றாக ஏறினால் குற்றம் ரிங்கில், ஏறாவிட்டால் வல்விலோ கேஸ்கெட்டிலோ. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைவாக இருந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று முதலில் நினைக்கவேண்டும்.

கந்தளாய் எஞ்சின் இதில் தோற்றுவிட்டால் கொழும்புக்குப் போவதைத் தவிர வழியில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனைக்குக் கார் கொண்டுவர 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரை எல்லோரும் திருத்தித் திருத்தித்தான் ஓட்டினார்கள். நல்ல 5ஏ கொழும்பிலும் சும்மா கிடைக்காது. தரையில் கிடக்கிற எஞ்சினைப் பார்ப்பதற்கு வேறு முறை இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் 19 மில்லிமீற்றர் சொக்கற்றைக் கிராங் புள்ளி போல்ற்றில் போட்டு, வலஞ்சுழியாகக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கோ. பிளக் எல்லாம் கழற்றியிருக்கவேண்டும். இரண்டு சுற்று சுற்றினால்தான் நாலு சிலிண்டரும் தங்கள் வேலையை ஒருமுறை முடிக்கும். சுற்றும்போது இறுக்கம் எங்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் கரகரவென்று உரசி இறுகினால் சிலிண்டருக்குள் துரு. பிளக் துளை மூடாமல், மனிஃபோல்ட் வாய் அடைக்காமல் உப்புக் காற்றில் கிடந்த எஞ்சினுக்கு இது நிச்சயம் வரும். துறைமுகத்தில் கொள்கலனிலிருந்து இறக்கி, மழைபடும் இடத்தில் போட்டிருந்தாலும் வரும். சுற்றவே மறுக்கிற எஞ்சினை, சும்மா பிடித்திருக்கிறது, ஒயில் விட்டால் விட்டுவிடும் என்பார்கள். விடும்தான். ஆனால் துருப்பிடித்த சுவரில் ரிங் ஓடினால் ரிங் மிஞ்சாது.

பிறகு டப்பெட் கவரைக் கழற்றச் சொல்லுங்கோ. மேலே உள்ள நட்டுகளைக் கழற்றினால் வந்துவிடும், கடைக்காரர் மறுக்க நியாயமே இல்லை. இதில்தான் பொய் சொல்ல முடியாது. வெளியே எத்தனை பெயின்ற் அடித்தாலும், உள்ளே வல்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் படுத்திருக்கிற இடத்தைக் கழுவுகிறவர்கள் மிகக் குறைவு. தேன் நிறம், இளம் பழுப்பு என்றால் ஒயில் நேரத்துக்கு மாற்றிய எஞ்சின். கருமையாக, விரலால் வழித்தால் களியாகக் கையோடு வந்தால் அதன் பழைய சொந்தக்காரர் ஒயிலை மறந்தவர். அந்தக் களி சம்ப் வலையை அடைக்கும், புது ஒயில் விட்டவுடன் கரைந்து வந்து இன்னும் மோசமாக அடைக்கும். ஒரு மூலையில் மட்டும் உலோகம் நீலம் பாய்ந்த மாதிரி நிறம் மாறியிருந்தால் அதிகம் சூடேறியிருக்கிறது. கேம் மூக்கை நகத்தால் தடவுங்கோ, குழி தட்டுப்பட்டால் வேண்டாம்.

தண்ணீர் வழிகளுக்குள் ரோர்ச் அடியுங்கோ. தேர்மோஸ்டட் மூடியைக் கழற்றினால் உள்ளே தெரியும். பச்சை, சிவப்புக் கூலண்ட் கறை நல்ல அடையாளம். செங்கல் நிறத் துருச் சேறு என்றால் வெறும் தண்ணீரில் ஓடிய எஞ்சின். பிளொக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு மூடிகளையும் ஊசிமுனையால் அழுத்திப் பாருங்கோ, உள்ளிருந்து அரித்தவை உள்ளே போய்விடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் எஞ்சினா என்பதையும் இந்த நேரமே பார்க்கவேண்டும். ஸ்டார்ட்டர், ஓல்டர்னேற்றர் உள்ளே மண் படிவு, டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் கறைக்கோடு, இன்ரேக் குழாயின் அடியில் மெல்லிய சேறு. மாவலி கங்கை பெருகினால் மூதூர், கிண்ணியாப் பக்கம் எவ்வளவு வண்டி தண்ணீருக்குள் நிற்கும் என்று நமக்குத் தெரியாததா.

சம்பைத் திறக்கவிடுவார்களா என்பது கடையைப் பொறுத்தது. விட்டால் நல்ல வாய்ப்பு. அடியில் மினுமினுக்கிற தூள் இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கோ. ஒட்டிக்கொண்டால் இரும்பு, ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்தது. ஒட்டாமல் மினுங்கினால் பேரிங். கிராங்கை ஸ்க்ரூட்ரைவரால் முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கோ. டயல் மீற்றர் இருந்தால் 0.30 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. கையில் டக் டக் என்று ஆட்டம் தெரிந்தாலே அது கூடிவிட்டது. சம்ப் ஓரத்தில் புதுச் சிலிக்கன் பிதுங்கியிருந்தால் ஏன் திறந்தீர்கள் என்று கேளுங்கோ. ஒழுங்கான பதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

தரை எஞ்சினில் கொம்பிரஷன் அளப்பது சிக்கல். இந்தக் காருக்கு ஸ்டார்ட்டர் கியர்பொக்ஸில்தான் பூட்டப்படுகிறது, கியர்பொக்ஸ் இல்லாமல் ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்ற முடியாது. கியர்பொக்ஸோடு வருகிற எஞ்சின் என்றால் பற்றறி கொடுத்து அளந்துவிடலாம். இல்லையென்றால் காற்று அடித்துப் பார்க்கலாம். ஒரு சிலிண்டரின் பிஸ்டனை இரண்டு வல்வும் மூடியிருக்க உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் கொம்பிரசர் காற்றை மெல்லக் கொடுத்துக் காதை வைக்கவேண்டும். எக்சோஸ்ற் வாயில் சீறினால் எக்சோஸ்ற் வல்வு, இன்ரேக்கில் சீறினால் இன்ரேக் வல்வு, ஒயில் மூடி வழியாக மூச்சு வந்தால் ரிங். தண்ணீர் வழியை நிரப்பி வைத்துப் பார்த்தால் குமிழி வருகிறதா என்பதும் தெரியும். கொஞ்சக் காற்று ரிங்கைத் தாண்டும், அது இயல்பு. காற்றைக் கொடுக்கும்போது கிராங் திடீரென்று சுற்றும், ஸ்பானரைப் பூட்டியபடி விடாதீங்கோ, கையில் அடிக்கும்.

இவ்வளவையும் பார்க்கவிடாத கடையில் காசு கொடுக்க வேண்டாம். செக்கிங் வரண்டி தருகிறோம், பூட்டிப் பார்த்துச் சரியில்லையென்றால் கொண்டுவாருங்கள் என்பார்கள். வாங்குங்கோ, ஆனால் அதை நம்பிப் பரிசோதனையை விடாதீங்கோ. வரண்டி எஞ்சினுக்குத்தான். இறக்கி ஏற்றுகிற கூலி, ஒயில், கேஸ்கெட், லொறிக்கூலி, உங்கள் காரோட்டம் நின்ற நாட்கள், இது ஒன்றும் அதில் வராது. ஏழு நாள் என்றால் எந்த நாளிலிருந்து ஏழு? லொறியில் திருகோணமலைக்கு வந்துசேரவே இரண்டு நாள் போனால், கராஜில் இடம் கிடைக்க இன்னும் நாலு நாள். ஸ்டார்ட் பண்ணுகிற நாளிலிருந்து கணக்கு என்று பில்லில் எழுதச் சொல்லுங்கோ. வாயால் சொன்னது கந்தளாய் தாண்டுமுன் மறந்துபோகும். பில்லில் எஞ்சின் இலக்கமும் இருக்கவேண்டும், பிளொக்கில் அடித்திருக்கிற இலக்கத்தை நீங்களே துடைத்துப் படித்து ஒப்பிடுங்கோ. லொறியில் ஏற்றும்போது பழைய டயரில் நிமிர்த்தி வைத்துக் கட்டவேண்டும். பக்கவாட்டில் படுக்கவைத்தால் சென்சரும் டிஸ்ரிபியூட்டரும் உடையும்.

பொருந்துமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கோ. 5ஏ என்று ஒரே பெயர் இருந்தாலும் முந்தின 100 உருவத்திலிருந்து வந்த எஞ்சினின் மனிஃபோல்ட், சென்சர் சொக்கற்றுகள் உங்களுடையதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். உங்கள் எஞ்சினை நாலு பக்கமும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும். ஓட்டோ கியர் காரிலிருந்து வந்த எஞ்சினாக இருந்தால் பின்னால் மெல்லிய தட்டுத்தான் இருக்கும். உங்கள் ஃப்ளைவீலையும் கிளச்சையும் மாற்றிப் பூட்டவேண்டும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் எஞ்சின் ஏன் கொதித்தது? கடிதம் முழுக்கத் தேடினேன், அதற்குப் பதில் இல்லை. அதைக் கண்டுபிடிக்காமல் நல்ல எஞ்சினை ஏற்றினாலும் அதே ஹபரணை ரோட்டில் அதுவும் கொதிக்கும். ரேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? நிலாவெளிக் கரையோரத்தில் பல கிணறு உவர். அந்தத் தண்ணீர் ரேடியேற்றரின் நுண்குழாய்களில் பொருக்காகப் படிந்து அடைக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். ரேடியேற்றரைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கோ, மேலே ஊற்றுகிற வேகத்துக்குக் கீழே கொட்டவேண்டும். தேங்கினால் புதிதாக ஒன்று வாங்குங்கோ. கழுவித் தருகிறோம் என்கிறவர்களிடம் இந்த வயதுக் காருக்குப் போகாதீங்கோ, பிளாஸ்டிக் தொட்டி வெடிக்கிற காலம் அது. மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பாருங்கோ. மூடி பலவீனமானால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் முன்னரே கொதிக்கும். ஃபேன் தானாக ஓடுகிறதா, சுவிச் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். ஏசி போட்டு, நாலு பேரும் பெட்டியுமாகப் போகிற காருக்கு ஃபேன் பழுது போதும் எஞ்சினை முடிக்க. இனிமேல் நல்ல கூலண்ட், அதில் கலக்கக் காய்ச்சிவடித்த தண்ணீர், இரண்டும் பெரிய காசில்லை.

எஞ்சின் தரையில் இருக்கும்போதே மாற்றவேண்டியவற்றை மாற்றிவிடுங்கோ. டைமிங் பெல்ட், அதன் ரென்ஷனர் பேரிங்குகள், கிராங்கின் முன்னும் பின்னும் உள்ள சீல், கேம் சீல், வோட்டர் பம்ப், தேர்மோஸ்டட், டப்பெட் கவர் கேஸ்கெட். பின் சீலைத்தான் அதிகம் பேர் விடுவார்கள், கசியவில்லையே என்று. அது கசியத் தொடங்கினால் கிளச்சில் ஒயில் படும், கியர்பொக்ஸை இறக்காமல் தொட முடியாது, இப்போது செய்தால் சீலின் விலை மட்டும். ஹெட்டைத் தேவையில்லாமல் கழற்ற வேண்டாம். அளவுகள் சரியாக இருக்கிற எஞ்சினின் ஹெட்டைக் கழற்றுவது வேலையைத் தேடி எடுப்பது. இன்ரேக் வாய்களில் அடைத்திருந்த துணியை எல்லாம் எடுத்தாயிற்றா என்று பூட்டுமுன் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கோ. இது சிரிப்பாக இருக்கும், உள்ளே துணியோடு பூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று தலையைச் சொறிகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்றியபின் உடனே சாவியைத் திருப்பாதீங்கோ. புது ஒயிலும் ஃபில்டரும் போட்டு, பிளக் இல்லாமல், ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் விட்டுவிட்டுச் சுற்றுங்கோ. பல மாதம் கிடந்த பேரிங்குக்கு ஒயில் போய்ச்சேர வேண்டும். பிறகு ஹீற்றரைத் திறந்து வைத்துத் தண்ணீர் நிரப்பிக் காற்றை எடுத்து, ஃபேன் இரண்டு மூன்று தரம் ஓடி நிற்கும்வரை நின்ற இடத்தில் ஓடவிடுங்கோ. முதல் கிழமை உப்புவெளி, நிலாவெளி, சீனன்குடா என்று பக்கத்து ஓட்டம் மட்டும். ஒவ்வொரு காலையும் குளிர்ந்த நேரம் ஒயிலும் தண்ணீரும் பாருங்கோ. ஐந்நூறு கிலோமீற்றரில் அந்த ஒயிலைக் கொட்டி, வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்துவிட்டுப் புதிது விடுங்கோ. அதற்குப் பிறகு ஹபரணை.

பழைய எஞ்சினை இப்போதைக்கு இரும்புக்குப் போடாதீங்கோ. புதிதின் ஓல்டர்னேற்றர், இன்ஜெக்டர், டிஸ்ரிபியூட்டர், ஏதாவது ஒரு சென்சர் பழுதாக இருந்தால் எடுத்துப் பூட்ட அதுதான் இருக்கிறது. இன்னொன்று, உங்கள் வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதியவேண்டும், அதற்குத்தான் பில்லில் இலக்கம் கேட்கச் சொன்னேன். ஜப்பான் எஞ்சின் என்றால் சுங்கப் பத்திரத்தின் பிரதியும், கந்தளாய் எஞ்சின் என்றால் அந்தக் காரின் பதிவுச் சான்றிதழ்ப் பிரதியும் வாங்கி வையுங்கோ. பத்திரம் ஒன்றும் இல்லை என்கிற எஞ்சின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீங்கோ, களவு வாகனத்துடையதாக இருந்தால் பொலிஸில் நிற்பது நீங்கள். கார் லீசிங்கில் இருந்தால் அவர்களுக்கும், இன்சூரன்ஸ் கொம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கோ. அந்தப் பதிவு முடியும்வரை பழைய பிளொக் வீட்டு மூலையில் கிடக்கட்டும்.

கந்தளாய்க்குப் போய்வந்து நாலு சிலிண்டரின் அளவையும், முதல் அடியில் முள் எவ்வளவு தாவியது என்பதையும் எழுதி அனுப்புங்கோ. விலை பேசுமுன் பார்த்துச் சொல்கிறேன்.